ஒப்பந்தம் கிடக்கட்டும், அடுத்த ஆள் யார்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நம் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போடும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை சால்வை, பூங்கொத்து, குரூப் போட்டோ மூன்றோடு முடிந்துவிடுகின்றன என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் குழுவே எதிர்பார்க்கவில்லை. நிலத்தடி நீர் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற என்னிடம் மாடித்தோட்டம் முதல் மாமியார் பிரச்சினை வரை கேட்பீர்கள், நானும் சளைக்காமல் பதில் சொல்லுவேன். இந்த முறை எனக்குத் தெரிந்த விஷயத்தையே கேட்டிருக்கிறீர்கள். பதில்கள் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கே.எம்., உதவிப் பேராசிரியர், குரோம்பேட்டை: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது. அதற்குள் ஐந்து வெளிநாட்டு எம்.ஓ.யு. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) வாங்க வேண்டும் என்று எங்கள் முதல்வர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வெளிநாட்டில் ஒருவரையும் தெரியாது. என்ன செய்வது மேடம்?

முதலில் அந்த ஐந்தை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கிண்டல் இல்லை, வேலையில் நிலைக்க வேண்டுமே. அது அவ்வளவு கஷ்டமான காரியமும் இல்லை. ‘இதனால் இரு தரப்புக்கும் எந்த நிதிப் பொறுப்பும் கிடையாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கையெழுத்துப் போடப் பல பேர் தயாராக இருக்கிறார்கள்.

அதை முடித்த பிறகு உங்களுக்கென்று ஓர் ஆளைத் தேடுங்கள். ஒரே ஓர் ஆள் போதும். நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் யாருடைய முறையைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதாதீர்கள். அவர் தலைக்கு மேல் வேலை, கொஞ்ச நாளில் ஓய்வும் பெற்றுவிடுவார். அவரிடம் இப்போது போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) செய்துகொண்டிருக்கும், உங்கள் வயதை ஒத்த ஆளுக்கு எழுதுங்கள். இரண்டு பேருக்கும் முன்னால் முப்பது வருஷ உத்தியோகம் கிடக்கிறது. இன்றைக்கு அவர் பயணப்படிக்கு அல்லாடுகிறவராக இருக்கலாம். பதினைந்து வருஷம் கழித்து ஆளெடுப்பதும் திட்டம் எழுதுவதும் அவராகத்தான் இருக்கும்.

எழுதும்போது ‘தங்களோடு இணைந்து பணியாற்றப் பேராவல் கொண்டுள்ளேன்’ என்று ஆரம்பித்தால் பதில் வராது. ‘உங்கள் கணக்கீட்டு முறையை எங்கள் பள்ளிக்கரணைத் தரவில் ஓட்டிப் பார்த்தேன். கோடையில் ஒத்துவருகிறது, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உதைக்கிறது. ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி அது. பதில் வந்தே தீரும்.

எஸ்.வி., திருவல்லிக்கேணி: ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். எங்களுக்கெல்லாம் யார் கிடைப்பார்கள்?

எல்லோரும் ஹார்டியையே சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த ஆள் நெவில்.

1913 ஜனவரி 16-ம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். கடிதத்தின் அருமை ஹார்டிக்குப் புரிந்தது, வாஸ்தவம். ஆனால் கடல் தாண்டக் கூடாது என்று வீட்டில் தடை, கையிலும் காசு இல்லை. கடிதப் போக்குவரத்தால் தீர்கிற சிக்கலா அது? சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்து அவரைக் குமாஸ்தா வேலையிலிருந்து மீட்டது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் எரிக் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதக்காரர் இங்கே விரிவுரையாற்ற வந்தார். ராமானுஜனோடு உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். பிறகு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதி, ஆண்டுக்கு 250 பவுன் கிடைக்க வழிசெய்தார். மார்ச் 17-ம் தேதி ராமானுஜன் கப்பலேறிவிட்டார்.

அப்போது நெவிலுக்கு 25 வயது, ராமானுஜனுக்கு 26. குரோம்பேட்டை உதவிப் பேராசிரியர் இதையும் படிக்கட்டும். இன்னொன்று: அந்த 250 பவுன் கேம்பிரிட்ஜ் பணம் இல்லை, சென்னைப் பணம். நம் ஊரில் முடிவெடுக்கிறவர்கள் சில வாரங்களில் முடிவெடுத்தார்கள். இன்றைக்கு அதற்கு எத்தனை கமிட்டி கூடும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு முதுகலை மாணவர், வில்லிவாக்கம்: கூட்டாய்வு என்று பெயர்தான். கேள்வி அவர்களுடையது, பணம் அவர்களுடையது, பெயரும் அவர்களுக்கே. நாம் கைகட்டி நிற்கிறோம். இதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

பல இடங்களில் நீங்கள் சொல்வதுதான் நடக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை என்பதற்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் சாட்சி இருக்கிறது.

சேத்துப்பட்டில் ஸ்பர்டாங்க் சாலையில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சொல்கிறேன். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அதை ஆரம்பித்தபோது அது ஐந்தே வருஷத்துக்கான திட்டம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்று நடத்தினார். காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் வைத்து நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுக்காவிட்டால் பிழைக்க மாட்டார் என்பது அன்றைக்கு உலகம் முழுக்க நம்பிக்கை. சென்னையில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது?

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலுமாக ஒரு வருஷம் அதே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான ஒற்றை அறையில் இருந்தார்கள், சாப்பாடு குறைச்சல், வேலைக்கும் போனார்கள். ஆனாலும் இரு தரப்பிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் ஒட்டவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது, இந்தக் கேள்வி சென்னையில்தான் பிறக்க முடியும் என்பதை. லண்டனில் படுக்கை இருந்தது, கேட்கத் தேவையில்லை. அப்புறம் அந்த ஆய்வு நிலைத்து நின்றது யாரால்? வீடு வீடாகப் போய், மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்த உள்ளூர் ஊழியர்களால். வெளிநாட்டவர்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் கட்டிடத்தில் தங்கிவிட்டது. இன்றும் அது தேசிய நிறுவனமாக நடந்துகொண்டிருக்கிறது. தம்பி, கைகட்டி நிற்பதும் நிற்காததும், கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஒரு தந்தை, மயிலாப்பூர்: என் மகள் நுண்ணுயிரியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவர், ‘எண்ணூர் முகத்துவார மண் மாதிரியைக் கூரியரில் அனுப்பு, கட்டுரையில் உன் பெயரைச் சேர்க்கிறேன்’ என்கிறார். அனுப்பலாமா அம்மா?

அனுப்பச் சொல்லாதீர்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் நல்லது.

2002-ம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி, நம் மண்ணிலிருந்து நுண்ணுயிர் உட்பட எந்த உயிரியல் வளத்தையும் வெளிநாட்டவர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள முன் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் டெல்லியில் இல்லை, நம் தரமணியில் இருக்கிறது. அரசு அங்கீகரித்த கூட்டுத் திட்டங்களுக்குத் தனி விதி உண்டு. இவர் கேட்பது அந்த வகையில் வராது, தனி மனிதர் கேட்கிறார். உங்கள் மகளின் வழிகாட்டியும் கல்லூரிப் பதிவாளரும் இதில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். மாணவி தன் பெயரில் கூரியர் அனுப்பி மாட்டிக்கொள்ளக் கூடாது.

சட்டத்தை விடுங்கள். அந்த மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுக்க உங்கள் மகளுக்குத் தெரியும்தானே? ‘இங்கேயே பிரித்தெடுத்து முதல்கட்டப் பகுப்பாய்வு வரை நான் செய்கிறேன். மேற்கொண்டு செய்ய எனக்கு அங்கே இரண்டு மாதம் இடம் கொடுங்கள்’ என்று அவள் பதில் எழுதட்டும். சம்மதித்தால் நல்ல மனிதர். சத்தம் காட்டாமல் இருந்துவிட்டால் அவருக்கு வேண்டியது மண் மட்டும்.

மாதிரிகள் எதிர்த்திசையில் வந்த காலமும் உண்டு. இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஜே.டி. பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இங்கே வந்திருந்தார். தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. அங்கே கிடைத்த கொலாஜனில் ஆரம்பித்து, கடைசியில் ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாரில்தான் எக்ஸ்ரே படம் தெளிவாக விழுந்தது. 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முப்புரி அமைப்பை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கேள்வி லண்டனிலிருந்து, வால் ஆஸ்திரேலியாவிலிருந்து, மூளை கிண்டியிலிருந்து. கட்டுரையில் இருந்தவை சென்னைப் பெயர்கள்.

டி.ஜே., ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நுங்கம்பாக்கம்: தலைமுறை தாண்டி நிலைத்த கூட்டுறவு என்று ஒன்றையாவது காட்ட முடியுமா?

உங்கள் பேட்டையிலேயே ஆரம்பித்த கதை. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? என் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் என்று ஆசை போலிருக்கிறது.

சார்லஸ் ரசீன் பிரான்ஸ் நாட்டு ஏசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலி கார்த்தான் என்ற பெரிய கணித அறிஞரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். 1937-ல் இந்தியா வந்தார், 1939 முதல் லயோலாவில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். நம் பாடத்திட்டமோ கேம்பிரிட்ஜ் பரீட்சையைப் பார்த்து எழுதியது. பாரிஸில் கணிதம் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அந்தப் புதுக் கணிதத்தைத் தேர்வுக்கு வராத பாடமாக, ஆர்வமுள்ள பையன்களுக்கு ரசீன் சொல்லிக்கொடுத்தார். கெட்டிக்காரர்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். எனக்கு அவரிடம் பெரிதாகப் படுவது இந்தக் கடைசிக் காரியம். நல்ல மாணவனைப் பிடித்து வைத்துக்கொள்ளாத ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்படிப் போனவர்களில் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும் உண்டு. இருவரும் 1932-ல் பிறந்தவர்கள், லயோலாவில் படித்தவர்கள். பம்பாயில் கே. சந்திரசேகரன் (இவரும் சென்னை மாநிலக் கல்லூரிக்காரர்) பிரெஞ்சுக் கணித அறிஞர் லோரான் ஷ்வார்ஸ் போன்றவர்களை வரவழைத்து மாதக்கணக்கில் வகுப்பெடுக்க வைத்தார். வகுப்பின் குறிப்பை மாணவர்கள் எழுத வேண்டும், அது புத்தகமாக அச்சாகும். குறிப்பெழுதுகிறவனுக்குத் தப்பிக்க வழியில்லை, புரிந்தே ஆக வேண்டும். 1950களின் இறுதியில் இருவரும் பாரிஸ் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். 1965-ல் வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் இயற்பியல்காரர்கள் வரை எடுத்துப் புழங்குகிற சரக்கு.

கதை அங்கே முடிந்திருந்தால் இரண்டு மேதைகளின் கதை, அவ்வளவுதான். 1984-ல் சேஷாத்ரி சென்னைக்கு வந்தார். 1989-ல் அவர் ஆரம்பித்த சின்னப் பள்ளிதான் இன்றைக்குச் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம். அங்கே பி.எஸ்சி. படிக்கிற நல்ல மாணவர்கள் சிலர் கோடையில் பாரிஸின் எக்கோல் நார்மால் சுப்பீரியர் என்ற உயர்கல்வி நிறுவனத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து ஆய்வு மாணவர்கள் இங்கே வந்து வகுப்பெடுக்கிறார்கள். ரசீன் 1976-ல் காலமானவர், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் வண்டி ஓடுகிறது. சேஷாத்ரி கர்நாடக சங்கீதமும் பாடுவார். குருகுலம் என்றால் என்னவென்று அவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பி.ஆர்., பெருங்குடி: ஜூம் இருக்கிறது, டீம்ஸ் இருக்கிறது. இன்னமும் எதற்கு விமானம் ஏறிப் போக வேண்டும்?

வருஷம் முழுக்க ஜூமில் பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வசதியாகப் பேசலாம். அமெரிக்கா என்றால் ஒருத்தருக்குத் தூக்கம் போகும். ஆனால் சண்டை போட்டு ராசியாவது நேரில்தான் முடியும். சண்டை வராத கூட்டாய்வில் யாரோ ஒருவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளர், ஆவடி: வெளிநாட்டு நிதி வந்தும் செலவழிக்க முடியவில்லை. கணக்குப் பிரிவில் ஃபைல் மாதக்கணக்கில் தூங்குகிறது. பார்ட்னர் பொறுமை இழந்துவிட்டார்.

அறக்கட்டளை நடத்துகிற கல்லூரியா உங்களுடையது? அப்படியானால் கணக்குப் பிரிவைத் திட்டாதீர்கள், அவர்கள் பயப்பட நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-ல் திருத்தினார்கள். பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் பேங்க் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான் வர வேண்டும். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ‘நீங்கள் வாங்கி, மதுரைக் கல்லூரிக்குப் பங்கு கொடுங்கள்’ என்று ஐரோப்பியர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு இது தெரியாது. திட்டம் எழுதும்போதே நாம்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வெளிநாட்டுக் குழு வந்தால், துணைவேந்தர் அறைக்குப் போவதற்கு முன்னால் கணக்குப் பிரிவு சூப்பிரண்டெண்ட் மேஜைக்கு அழைத்துப் போய், ‘இவங்க கையெழுத்துப் போட்டாத்தான் நமக்குச் சாப்பாடு’ என்று அறிமுகம் செய்துவைப்பேன். அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் அதற்குப் பிறகு யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் (பணம் எப்படிச் செலவானது என்ற சான்று) கேட்டு நான் ஒரு தடவைகூட அலைந்ததில்லை. அவர் ஓய்வுபெறுவதற்கு முன்னால், பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு இந்த ஃபைல்களைக் காட்டி வைத்துவிட்டும் போனார். நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

ஆர்., ஆய்வு மாணவர், கிண்டி: என் கைடு அடுத்த வருஷம் ஓய்வுபெறுகிறார். ஜெர்மன் குழுவோடு பல வருஷமாக நடக்கும் திட்டம் அவரோடு போய்விடும் என்று துறையில் பேசிக்கொள்கிறார்கள். நான் ஏதாவது செய்ய முடியுமா மேடம்?

முடியும், தம்பி. ஒரு வருஷம் என்பது போதாது, ஆனால் அதை வைத்துச் சமாளிக்கலாம்.

என் கதையைச் சொல்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது எங்கள் சாருக்கு ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு பழக்கம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கிணறுகளில் உப்பு ஏறுவது பற்றிய ஆய்வு. சென்னைக்குத் தண்ணீர் எடுக்க 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். இறைக்க இறைக்கக் கடல் உள்ளே வந்தது. அது வருகிற வேகத்தைப் பார்க்க ஒரு பிஎச்.டி.யின் ஆயுள் போதாது. ஒரு ஆளின் உத்தியோக காலமும் போதாது. மழை பொய்க்கிற வருஷம், கொட்டுகிற வருஷம், 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு, 2019-ல் நகரமே குடத்தோடு தெருவில் நின்றபோது என்று எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றின் அளவு தொடர்ச்சியாக வேண்டும். ஆகவே அடுத்த ஆள் யார் என்ற கேள்வி எங்கள் ஆய்வுக்குள்ளேயே இருந்தது.

சார் ஏரோகிராமில் கடிதம் எழுதுவார். கடைசியில், ‘இந்த அளவுகளை எடுத்தது என் மாணவி. சந்தேகங்களை நேரடியாக அவளிடம் கேட்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் கடிதம் எழுதவே நடுக்கம். ஆனால் கேள்விகள் என் பெயருக்கு வர ஆரம்பித்தன, பதில் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. சார் ஓய்வுபெற்றது எதிர்த்தரப்புக்குப் பெரிய சம்பவமாகவே தெரியவில்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு மாணவரை அனுப்பிவைத்தார்கள். அந்தப் பையன் பொன்னேரி மெஸ்ஸில் சாப்பிட்டு, ‘தண்ணி எவ்ளோ ஆழம்?’ என்று கேட்கக் கற்றுக்கொண்டு, வெயிலில் சிவந்துபோய்த் திரும்பினார். இப்போது அங்கே துறைத்தலைவர் அவர்தான். என் மாணவியும் அவருடைய மாணவரும் சேர்ந்து இன்றைக்கு அந்தத் தரவைப் பராமரிக்கிறார்கள். என்னை அவர்கள் கேட்பதெல்லாம் பழைய கையெழுத்து புரியாதபோது மட்டும்.

பேராசிரியர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் இருந்தார். எந்தக் கிணறு யாருடையது, எந்த வருஷம் மோட்டார் வைத்தார்கள், எந்தத் தோட்டம் மனை போட்டு விற்றுப் போனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கிணற்றைத் தூர்த்துவிட்டால், அதற்குப் பதில் பக்கத்தில் எதை அளக்கலாம் என்று அவர் காட்டுகிற கிணறுதான் சரியாக வரும். அவருடைய தமிழ்க் கையெழுத்து நோட்டுகளை ஸ்கேன் செய்து தட்டச்சு செய்ய ஜெர்மன் தரப்பு பணம் கொடுத்தது. அந்த நோட்டுகளை வைத்து எழுதிய கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. ஐஐடி மெட்ராஸை மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959-ல் ஆரம்பித்தபோது பேராசிரியர்களோடு ஃபோர்மேன்களையும் அனுப்பிவைத்தார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். பட்டறையில் கைமாறியதும் வகுப்பறையில் கைமாறியதும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை. அந்த உறவு 2010-ல் இந்தோ-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் என்று வேறு உருவம் எடுத்தது. 2023-ல் அதே ஐஐடி தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்து, இப்போது இன்னொரு நாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். சாரிடம் போய், ‘அடுத்த கூட்டத்தில் தரவுப் பகுதியை மட்டும் நான் சொல்லட்டுமா சார்?’ என்று கேளுங்கள். ‘நீங்கள் போன பிறகு…’ என்று ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் அது பிடிக்காது. இந்த வருஷம் அங்கிருந்து அழைப்பு வந்தால் அவரோடு நீங்களும், முடிந்தால் துறையில் வேலை நிரந்தரமான இளைய ஆசிரியர் ஒருவரும் போகப் பாருங்கள். நீங்கள் மாணவர், நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். நாற்காலியில் இருக்கப்போகிற ஆள் ஒருவர் இதில் கட்டாயம் வேண்டும். கடிதப் போக்குவரத்து சாரின் சொந்த மெயிலில் இருந்தால், துறைப் பெயரில் ஒரு பொது முகவரி வாங்கி, இன்று முதல் எல்லாவற்றுக்கும் அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். தரவு முழுவதும் துறைச் சர்வரிலும் ஜெர்மன் தரப்பிலும் ஒரே பெயரிட்ட கோப்புகளாக இருக்கட்டும். இப்போது அது எங்கே இருக்கிறது என்று நான் ஊகிக்கிறேன்: சாரின் லேப்டாப்பிலும் ஒரு பென்டிரைவிலும்.

அப்புறம், உங்கள் வயதில் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, வேலை எதுவும் இல்லாதபோதும் ஒரு வரி எழுதிக்கொண்டிருங்கள்.

ஒரு தமிழாசிரியை, தாம்பரம்: எல்லாம் விஞ்ஞானமாகவே இருக்கிறதே, தமிழ் ஆய்வில் இதெல்லாம் கிடையாதா?

தமிழில்தான் மற்றவர்களுக்கு முன்மாதிரியே இருக்கிறது, டீச்சர். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும், 1992-ல் அவர் மறைந்த பிறகு எங்கே போகுமோ என்று இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதை மூட்டை கட்டிக் கப்பலேற்றாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்றைக்குத் தரமணியில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். சொத்தும் இங்கே, பாதுகாக்கக் கற்றுக்கொண்ட கைகளும் இங்கே. மயிலாப்பூர்த் தந்தைக்கு நான் சொன்னது இதைத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் 1964-ல் டெல்லியில் பல நாட்டு அறிஞர்களைச் சேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். 1966 கோலாலம்பூர், 1968 சென்னை, 1970 பாரிஸ் என்று மாநாடுகள் மளமளவென்று நடந்தன. 1980-ல் அடிகள் காலமானார். பிறகு மாநாடுகளின் பந்தல் பெரிதானது, இடைவெளியும் பெரிதானது. 1995 தஞ்சாவூருக்கும் 2015 கோலாலம்பூருக்கும் நடுவில் இருபது வருஷம். பந்தலுக்கு ஆள் சேர்ப்பது எளிது. அடிகளைப் போல நாடு நாடாகக் கடிதம் எழுதுகிற ஆளைத் தயார் செய்வது கஷ்டம்.

எல்.கே., ஒரு பாட்டி, கோடம்பாக்கம்: பேத்தி பத்தாவது முடித்துவிட்டாள். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். பிரெஞ்சு கற்றுக்கொள்ளட்டுமா, ஜெர்மனா?

அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கிறது என்று சொல்லவில்லையே மாமி. கணிதம் என்றால் பிரெஞ்சு, இயந்திரம் என்றால் ஜெர்மன் என்று ஒரு காலத்தில் சொல்வோம். இப்போது ஜப்பானும் கொரியாவும் கூப்பிடுகின்றன. ஆய்வு எங்கேயும் ஆங்கிலத்தில் நடந்துவிடும். மொழி வேண்டியது, டீ நேரத்தில் அங்கே பேசிக்கொள்வது காதில் விழுவதற்கு. உங்களுக்கு நுங்கம்பாக்கம் பக்கம்தானே? பிரெஞ்சுக்குக் காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு ரட்லண்ட் கேட்டில் மாக்ஸ் முல்லர் பவன். இரண்டுக்கும் அவளையே ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம்.